ரிச்மண்ட் அரண்களை வெட்டியவர் யார்?

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத் தலைநகரான ரிச்மண்டிலிருந்து வெளியே போகும் பழைய நெடுஞ்சாலைகளின் ஓரத்தில், வெள்ளி நிறத் தகட்டில் கறுப்பு எழுத்துகள் பொறித்த வரலாற்றுப் பலகைகள் நிற்கின்றன. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் அந்நகரைக் காத்த மண் அரண்கள் எந்த இடத்தில் சாலையைக் கடந்தன என்று அவற்றுள் சில தெரிவிக்கின்றன. உள் அரண், இடை அரண், வெளி அரண் என்று வரிசையின் பெயரும், அங்கே மோதிய படைகளின் தளபதிகள் பெயரும் அவற்றில் இருக்கும். அந்த மண்ணை வெட்டிக் குவித்தவர்கள் யார் என்ற செய்தி பழைய பலகைகளில் அரிது.

வெட்டியவர்களில் பெரும்பாலோர் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள். போரின் தொடக்கத்திலிருந்தே இது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அரசு ஆவணங்களில் பதிவான செய்தியும்கூட. அப்படியிருந்தும் அது பலகைக்கு வரவில்லை. அரண்கள் எப்படி எழுந்தன, அவற்றை எழுப்பிய உழைப்பு போரின் போக்கை எப்படி மாற்றியது, பலகை எழுதியவர்கள் ஏன் அதை விட்டார்கள், இன்றைய ஆய்வாளர்கள் அதை எப்படி மீட்டிருக்கிறார்கள் என்பவற்றை இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது. அரணை வெட்டியவர்களைச் சொல்லாத பலகை, அரணின் வரலாற்றையே பாதியில் நிறுத்திவிடுகிறது என்பது இதன் முடிபு.

அரண்களின் அமைப்பு

1861 மே மாதம் தென் மாநிலங்களின் கூட்டமைப்பு தன் தலைநகரை அலபாமாவின் மாண்ட்கோமரியிலிருந்து ரிச்மண்டுக்கு மாற்றியது. வடக்கு அரசின் தலைநகரான வாஷிங்டனிலிருந்து ரிச்மண்ட் ஏறத்தாழ 100 மைல் தொலைவுதான். அத்தனை அருகில் தலைநகரை வைத்த பிறகு, அதைக் காக்கும் அரண்கள் இல்லாமல் தெற்கு ஒரு கோடைகூடத் தாங்கியிருக்காது.

அரண்கள் மூன்று வரிசைகளாக வளர்ந்தன. நகர விளிம்பை ஒட்டித் தனித்தனிப் பீரங்கி மேடைகள் எழுந்தன. அவற்றுக்கு அப்பால் தொடர்ச்சியான இடை வரிசை ஓடியது. இன்னும் சில மைல் தள்ளி வெளி வரிசை. முன்னால் ஆழமான அகழி, அதிலிருந்து எடுத்த மண்ணால் மார்புச்சுவர், சுவருக்குப் பின்னால் பீரங்கி மேடை, எதிரே கூராகச் சீவிய கிளைகளோடு சாய்த்துப் போட்ட மரங்கள். இதுதான் பொது அமைப்பு. தென்கிழக்கில் ஜேம்ஸ் ஆற்றின் கரையில் ட்ரூரிஸ் பிளஃப், சாஃபின்ஸ் பிளஃப் என்ற மேட்டு நிலங்களில் இருந்த பீரங்கிகள் ஆற்றுவழியை அடைத்தன. 1862 மே 15 அன்று இரும்புக் கவசம் பூண்ட ‘மானிட்டர்’, ‘கலீனா’ உள்ளிட்ட வடக்கின் கப்பல்கள் ட்ரூரிஸ் பிளஃபைத் தாண்ட முடியாமல் திரும்பின.

1862 ஜூன் தொடக்கத்தில் தென்படையின் தலைமை ஏற்ற ராபர்ட் ஈ. லீ முதலில் கொடுத்த உத்தரவுகளில் ஒன்று, அகழி வெட்டுங்கள் என்பது. அதற்காகப் பத்திரிகைகள் அவரை ‘மண்வெட்டி ராஜா’ என்று கேலி செய்தன. நம் மக்கள் உடலுழைப்பை வெறுக்கிறார்கள், படைவீரரும் அதிகாரிகளும் பத்திரிகைகளும் அதை ஏளனம் செய்கிறார்கள் என்று லீ அந்த மாதமே கூட்டமைப்பின் குடியரசுத் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸுக்கு எழுதினார். மண் சுமப்பது அடிமையின் வேலை என்ற எண்ணம் அந்தச் சமூகத்தில் அவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது. அரண் வேண்டும், வெட்டக் கை நீளாது. இந்த முரணை அவர்கள் தமக்குத் தெரிந்த ஒரே வழியில் தீர்த்துக்கொண்டார்கள்.

வெட்டியவர்கள்

1860 கணக்கெடுப்பின்படி வர்ஜீனியாவில் அடிமைப்படுத்தப்பட்டோர் ஏறத்தாழ 4,90,000 பேர். அமெரிக்காவின் வேறு எந்த மாநிலத்திலும் இத்தனை பேர் இல்லை. தொடக்கத்தில் தளபதிகள் அருகிலிருந்த பண்ணைகளில் ஆள் கேட்டார்கள். போர் நீள நீளக் கேட்பது கட்டாயமாயிற்று. 1862 அக்டோபர் 3 அன்று வர்ஜீனியா சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டம் முறையான ஆள்பிடிப்புக்கு வழிசெய்தது. குடியரசுத் தலைவர் கேட்டால் ஆளுநர் ஒரே நேரத்தில் 10,000 அடிமைகள் வரை அழைக்கலாம். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் பங்கு வகுக்கப்பட்டது. வேலைக்காலம் 60 நாள். ஆளுக்கு மாதம் 16 டாலர் வாடகை, அதுவும் உடைமையாளர் கைக்கு. அடிமை இறந்துபோனாலோ எதிரியிடம் தப்பிப்போனாலோ இழப்பீடும் உடைமையாளருக்கே. சுதந்திர மனிதராக வாழ்ந்த கறுப்பினத்தவரையும் விட்டுவைக்கவில்லை. அவர்களைப் பிடித்து வேலை வாங்கத் தனிச் சட்டம் முன்பே இருந்தது.

இந்த ஆள்பிடிப்பின் தடயம் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கூட்டமைப்பின் அடிமைச் சம்பளப் பட்டியல்கள் என்று பெயர் பெற்ற அத்தொகுதியில் கிட்டத்தட்ட 6,000 பட்டியல்கள் உள்ளன. அவை இன்று இணையத்தில் யாரும் பார்க்கும்படி கிடைக்கின்றன. யாரிடமிருந்து வாடகைக்கு எடுத்தது, ஆளின் பெயர், தொழில், வேலை பார்த்த நாள்கள், விகிதம், மொத்தத் தொகை என்று கட்டம் கட்டமாகப் பட்டியல் போகிறது. கடைசிக் கட்டத்தில் பணம் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து. அது உழைத்தவருடையதன்று. உடைமையாளரோ அவருடைய முகவரோ போட்டது. உழைத்தவரின் பெயர் பல இடங்களில் ஒற்றைச் சொல்லோடு நிற்கிறது, குடும்பப் பெயர் கிடையாது. நாள்கணக்கு மட்டும் தவறாமல் இருக்கிறது.

பண்ணை முதலாளிகள் இந்த அழைப்பை எதிர்த்தார்கள். அறுவடை கெடுகிறது, அரண் வேலைக்குப் போனவன் நோயோடு திரும்புகிறான், சரியான உணவும் உடையும் கொடுப்பதில்லை என்று ஆளுநர் ஜான் லெட்சருக்குப் புகார்கள் குவிந்தன. அந்தப் புகார்களின் அக்கறை உடைமை மீதுதான். ஆனால் அவற்றின் வழியாகவே வேலைத்தளத்தின் நிலைமை நமக்குத் தெரியவருகிறது. ஈரத்திலும் குளிரிலும் முகாம், அரைவயிற்று உணவு, பரவும் காய்ச்சல். அதற்கு நடுவில்தான் மைல் மைலாக மண்சுவர் எழுந்தது.

அகழி வேலையிலிருந்து பிறந்த சட்டம்

அரண் வேலை செய்த கைகள் அரணைக் கட்டியதோடு நிற்கவில்லை. அடிமை முறையை அசைத்த முதல் சட்டத்துக்கும் அவையே காரணம். இந்தத் தொடர்பைத்தான் பலகைகள் முழுதாகத் தவறவிட்டன.

1861 மே 23 இரவு, ஷெப்பர்ட் மல்லோரி, ஃபிராங்க் பேக்கர், ஜேம்ஸ் டவுன்சென்ட் என்ற மூன்று அடிமைகள் ஒரு படகில் நீரைக் கடந்து, வடக்குப் படையின் வசமிருந்த மன்றோ கோட்டைக்கு வந்தார்கள். சூவெல்ஸ் பாயிண்ட் என்ற இடத்தில் தென்படைக்காகப் பீரங்கி அரண் கட்டும் வேலையில் அவர்கள் இருந்தவர்கள். வட கரோலினாவுக்கு அனுப்பப்பட இருந்த நிலையில் தப்பினார்கள். மறுநாள் தென்படை அதிகாரி ஒருவர் வெள்ளைக்கொடியோடு வந்து அவர்களைத் திருப்பிக் கேட்டார். தப்பிய அடிமையைத் திருப்பித் தர வேண்டும் என்ற தேசியச் சட்டம் அன்று உயிரோடுதான் இருந்தது. கோட்டைத் தளபதி பெஞ்சமின் பட்லர் மாசசூசெட்ஸ் வழக்கறிஞர். வர்ஜீனியா தன்னை அயல்நாடு என்று அறிவித்துக்கொண்டிருக்கிறது, அயல்நாட்டுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்றார். இவர்கள் எனக்கு எதிரான அரண் கட்டப் பயன்பட்டவர்கள், ஆகவே போரில் கைப்பற்றத்தக்க எதிரிப் பொருள் என்றும் வாதிட்டார்.

மனிதரைப் பொருள் என்று அழைக்கும் வாதம் அது. ஆனாலும் வாசல் திறந்துவிட்டது. செய்தி பரவியதும் ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாக மக்கள் மன்றோ கோட்டையை நோக்கி நடந்தார்கள். போர் முடியுமுன் அந்தப் பகுதிக்கு வந்து சேர்ந்தோர் பல்லாயிரம். 1861 ஆகஸ்ட் 6 அன்று வாஷிங்டன் நாடாளுமன்றம் முதல் பறிமுதல் சட்டத்தை இயற்றியது. கோட்டை, கப்பல் தளம், அகழி அரண் போன்றவற்றில் அடிமையை வேலை வாங்கும் உடைமையாளர் அந்த அடிமை மீதான உரிமையை இழக்கிறார் என்றது அச்சட்டம். அகழி என்பதைச் சட்டம் பெயர் சொல்லியே குறிப்பிட்டது.

அடுத்த ஆண்டு இந்தப் பாடம் இன்னும் கூர்மையாயிற்று. 1862 ஏப்ரலில் வடக்குத் தளபதி ஜார்ஜ் மெக்லெல்லன் பெரும்படையோடு யார்க்டவுன் தீபகற்பத்தில் இறங்கினார். வாரிக் ஆற்றை ஒட்டித் தென்படைத் தளபதி ஜான் மக்ரூடர் எழுப்பியிருந்த மண் அரண்கள் அவரை ஒரு மாதம் நிறுத்தி வைத்தன. மக்ரூடரிடம் தொடக்கத்தில் இருந்த படை மெக்லெல்லனுடையதில் சிறு பங்கு. அரணை எழுப்பியதில் அடிமைகளின் உழைப்பு மிகுதி. எதிரியின் வலிமையில் எவ்வளவு பங்கு அடிமைகளின் மண்வெட்டியில் இருக்கிறது என்பதை வடக்கின் வீரர்கள் கண்ணால் பார்த்தார்கள். அவர்களின் கடிதங்கள் வழியாக அது ஊர்களுக்குப் போனது. 1862 ஜூலை 17 அன்று இரண்டாம் பறிமுதல் சட்டம் வந்தது. செப்டம்பர் 22 அன்று வடக்கின் குடியரசுத் தலைவர் லிங்கன் அடிமை விடுதலைப் பிரகடனத்தின் முன்னறிவிப்பை வெளியிட்டார். பிரகடனம் 1863 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது.

வெளி அரணில் ஒரு காலை

அரண்கள் பலமுறை சோதிக்கப்பட்டன. 1864 மே 11 அன்று யெல்லோ டேவர்னில் தென்படையின் குதிரைப்படைத் தளபதி ஜெப் ஸ்டூவர்ட்டை வீழ்த்திய வடக்குத் தளபதி பிலிப் ஷெரிடன், வெளி வரிசையைக் கடந்தும் இடை வரிசையின் பீரங்கிகளைத் தாண்டத் துணியாமல் விலகிப் போனார். பழைய பலகைகள் விரும்பிச் சொல்லும் வகைச் செய்தி இது.

1864 செப்டம்பர் 29 விடிகாலை வேறு வகை. நியூ மார்க்கெட் ஹைட்ஸ் மேட்டின் மீதிருந்த அரண்மீது பாய்ந்தவர்கள் கறுப்பினப் படைவீரர்கள். அவர்களை அனுப்பிய தளபதி அதே பெஞ்சமின் பட்லர். சதுப்பையும், வெட்டிச் சாய்த்த மரத்தடைகளையும் தாண்டி, கடும் இழப்போடு அவர்கள் அந்த மேட்டைப் பிடித்தார்கள். அன்றே அருகிலிருந்த ஹாரிசன் கோட்டையும் வடக்கின் வசம் விழுந்தது. நியூ மார்க்கெட் ஹைட்ஸ் சண்டைக்காகக் கறுப்பின வீரர் 14 பேர் ‘மெடல் ஆஃப் ஹானர்’ பெற்றார்கள்.

அவர்களில் ஒருவர் பவ்ஹாட்டன் பீட்டி. 1837இல் ரிச்மண்டிலேயே அடிமையாகப் பிறந்தவர். சிறுவயதில் ஓஹியோ மாநிலத்துச் சின்சினாட்டிக்குப் போனவர். 1862 செப்டம்பரில் தென்படை அந்நகரை நெருங்கியபோது, கறுப்பின ஆண்களைக் காவலர்கள் வீடுவீடாகப் பிடித்து அரண் வேலைக்கு இழுத்துப் போனார்கள். பிறகு வில்லியம் டிக்சன் என்ற நீதிபதியின் பொறுப்பில் அவர்கள் மதிப்போடும் கூலியோடும் வேலை செய்து அரண்களை முடித்தார்கள். அந்தக் கறுப்பினப் பிரிவில் பீட்டியும் இருந்தார். இரண்டு ஆண்டு கழித்து, தான் பிறந்த ஊரின் அரண் எதிரே, தன் கம்பெனியின் அதிகாரிகள் எல்லோரும் விழுந்த பிறகு கொடியை மீட்டுத் தலைமை ஏற்று முன்னேறினார். அரண் வெட்டுவதும் அரண் தகர்ப்பதும் ஒரே மனிதரின் வாழ்வில் சந்தித்த இடம் அது. கறுப்பின உழைப்பை வடக்கும் வன்முறையால் பிடுங்கியது என்பதையும் பீட்டியின் கதை மறைக்கவில்லை.

அச்சண்டை முடிந்த சில நாள்களில், பிடிபட்ட கறுப்பின வீரர்களைத் தென்படை கில்மர் கோட்டை அருகே குண்டு விழும் இடத்தில் அகழி வெட்ட வைத்தது. பட்லர் பதிலுக்குத் தென்படைக் கைதிகளை டச் கேப் கால்வாய் வேலையில், அவர்கள் பக்கத்துப் பீரங்கியின் வீச்சுக்குள் நிறுத்தினார். லீ இறங்கி வந்தார். கறுப்பினக் கைதிகள் அகழியிலிருந்து எடுக்கப்பட்டார்கள். சீருடை அணிந்த பிறகும் அவர்களைத் தென்படை மண்வெட்டியோடுதான் பார்த்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1865 ஏப்ரல் 2 அன்று, ரிச்மண்டுக்குத் தெற்கே பீட்டர்ஸ்பர்க் நகரைக் காத்த தென்படையின் அரண் வரிசை உடைந்தது. அன்றிரவு ரிச்மண்ட் கைவிடப்பட்டது. மறுநாள் காலை வடக்குத் தளபதி காட்ஃப்ரி வைட்சலின் படை நகருக்குள் நுழைந்தது. அதில் கறுப்பினப் படைவீரர்களும் இருந்தார்கள்.

பலகை எழுந்த காலம்

ரிச்மண்டின் போர்க்களங்களுக்குப் பலகை வைக்கும் வேலை 1920களில் சூடுபிடித்தது. பத்திரிகையாசிரியரும் பின்னாளில் லீயின் வரலாற்றை எழுதிப் புலிட்சர் பரிசு பெற்றவருமான டக்ளஸ் சவுத்தால் ஃப்ரீமன் முதலானோர் சேர்ந்த ஒரு சங்கம், நகரைச் சுற்றி ஐம்பதுக்கும் மேற்பட்ட வார்ப்பிரும்புப் பலகைகளை நிறுத்தியது. 1927இல் மாநில அரசின் திட்டம் தொடங்கியது. ஆளுநர் ஹாரி பேர்டின் காலம் அது. வில்லியம் கார்சன் தலைமையிலான ஆணையம் முதல் பலகைகளை யூ.எஸ். 1 நெடுஞ்சாலையில் வைத்தது. மோட்டார் கார் பெருகிய நேரம். பயணிகளை மாநிலத்துக்குள் ஈர்ப்பது ஆணையத்தின் நோக்கங்களுள் ஒன்று. அமெரிக்காவின் மிகப் பழைய நெடுஞ்சாலைப் பலகைத் திட்டமாகக் கருதப்படும் இதன்கீழ் இன்று 2,600க்கும் மேற்பட்ட பலகைகள் உள்ளன.

அதே வர்ஜீனியா 1902 அரசியலமைப்பால் கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பெரும்பாலும் பறித்திருந்தது. 1924இல் இனத்தூய்மைச் சட்டம் இயற்றியது. 1926இல் பொது அரங்குகளில் இனவாரியாகத் தனித்தனி இருக்கை வேண்டும் என்று சட்டம் போட்டது. பலகையின் வாசகம் எழுதும் மேசையில் கறுப்பினத்தவர் ஒருவரும் இல்லை. பலகையின் மௌனத்துக்கு இடப்பற்றாக்குறையைக் காரணமாகச் சொல்வோர் இந்தச் சூழலையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆய்வாளர்கள் மீட்டது

இந்த மௌனத்தை ஆய்வு உலகம் படிப்படியாக உடைத்தது. ஜேம்ஸ் பிரூவர் 1969இல் வெளியிட்ட ‘தி கான்ஃபெடரேட் நீக்ரோ’, வர்ஜீனியாவின் கறுப்பினக் கைவினைஞர்களையும் படைத்தொழிலாளர்களையும் ஆவணங்களிலிருந்து முறையாக எடுத்துக் காட்டியது. அரண்களின் பொறியியலை எர்ல் ஹெஸ் 2005 முதல் 2009 வரை மூன்று நூல்களில் விரிவாக ஆராய்ந்தார். கிளென் டேவிட் பிராஷர் 2012இல் வெளியிட்ட நூலில், 1862 தீபகற்பப் போரில் கறுப்பினத்தவரின் உழைப்பு கண்ணுக்குத் தெரிந்ததுதான் விடுதலையைப் படைத் தேவையாக வடக்குக்கு உணர்த்தியது என்று நிறுவினார். ஜெய்மி அமண்டா மார்ட்டினஸ் 2013இல் ஆள்பிடிப்புச் சட்டங்களின் நடைமுறையை மாவட்ட அளவில் ஆராய்ந்தார். ஜேம்ஸ் லோவென் 1999இல் எழுதிய ‘லைஸ் அக்ராஸ் அமெரிக்கா’ பலகைகளையே ஆய்வுப் பொருளாக்கியது. ஒவ்வொரு நினைவுச்சின்னமும் தான் குறிக்கும் காலத்தையும் தான் எழுந்த காலத்தையும் சேர்த்தே பேசுகிறது என்பது அவர் காட்டிய வழி.

இந்நூல்களை ஒருசேரப் படித்தால் ஒரு செய்தி தெளிவாகிறது. உழைப்பின் வரலாறும் போர் வரலாறும் தனித்தனிப் பாடங்களாக இருக்க முடியாது. ஹெஸ் விவரிக்கும் மார்புச்சுவரும் மார்ட்டினஸ் விவரிக்கும் மாவட்டப் பங்கும் ஒரே மண்ணின் இரு பக்கங்கள்.

எதிர்வாதங்கள்

மூன்று எதிர்வாதங்களுக்கு விடை சொல்ல வேண்டும். முதலாவது, பலகையில் இடமில்லை என்பது. காரில் போகிறவர் படிக்கும்படி சுருக்கமாக எழுதுவது நியாயம்தான். ஆனால் யார் வெட்டினார்கள் என்பதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். தளபதியின் பெயருக்குக் கிடைக்கும் இடம் அதற்கும் கிடைக்கும்.

இரண்டாவது வாதம் ஆபத்தானது. தென்படைக்காக உழைத்த கறுப்பினத்தவர் விசுவாசத்தோடு உழைத்தார்கள், அவர்களும் தென்படை வீரர்களே என்று சிலர் சொல்கிறார்கள். கெவின் லெவின் 2019இல் எழுதிய நூல் இந்தக் கட்டுக்கதையைச் சான்றோடு மறுத்திருக்கிறது. சம்பளப் பட்டியலில் கையெழுத்து யாருடையது என்று பார்த்தாலே விடை கிடைக்கும். கறுப்பினத்தவரைப் படைவீரராகச் சேர்க்கக் கூட்டமைப்பு ஒப்புக்கொண்டது 1865 மார்ச் 13 அன்றுதான், அதாவது ரிச்மண்ட் வீழ மூன்று வாரம் இருக்கையில். ஆகவே பலகையில் பெயர் சேர்க்கும்போது சொல்லில் கவனம் தேவை. ‘கறுப்பினத்தவர் உதவினார்கள்’ என்று எழுதினால் பொய்யாகிவிடும். சட்டத்தால் பிடித்துக்கொண்டு வரப்பட்டார்கள் என்று எழுத வேண்டும்.

மூன்றாவது, பழைய பலகைகளும் வரலாற்றுச் சின்னங்கள், அவற்றைத் தொடக்கூடாது என்பது. இதில் ஓரளவு உண்மை உண்டு. 1920களின் வர்ஜீனியா என்ன நினைத்தது என்பதற்கு அவை சான்று. அவற்றைப் பிடுங்கி எறிந்தால் அந்தச் சான்று அழியும். பழையதை அதன் ஆண்டோடு நிறுத்தி, பக்கத்தில் புதியதை வைப்பது இரண்டு தேவைகளையும் நிறைவேற்றும்.

மாற்றம் தொடங்கியும் இருக்கிறது. 2011 நவம்பரில் மன்றோ கோட்டை தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. வர்ஜீனியா அரசு கறுப்பின வரலாறு குறித்த புதிய பலகைகளுக்கு மாணவர்களிடமிருந்தே பரிந்துரை கேட்டிருக்கிறது. 2021 செப்டம்பரில் ரிச்மண்டில் லீயின் சிலை இறங்கியது. அதே மாதம் விடுதலைக்கான நினைவுச்சின்னம் ஒன்று ஜேம்ஸ் ஆற்றங்கரையில் எழுந்தது. சிலைகளுக்குக் கிடைத்த கவனம் சாலையோரப் பலகைகளுக்கு இன்னும் கிடைக்கவில்லை. சிலையைப் பார்க்க ஊருக்குள் போக வேண்டும். பலகையோ அன்றாடம் அவ்வழியே போகிறவர் கண்ணில் படுகிறது. அதனால்தான் அதன் சொல்லுக்குப் பொறுப்பு கூடுதல்.

முடிபு

அரண் வரிசையைக் குறிக்கும் பலகை மூன்று கேள்விக்கு விடை சொல்ல வேண்டும்: எங்கே ஓடியது, எதைக் காக்க எழுந்தது, யார் கையால் எழுந்தது. ரிச்மண்டில் முதல் கேள்விக்கு மட்டுமே பழைய பலகைகள் முழு விடை சொல்கின்றன. காக்கப்பட்டது அடிமை முறையை நிலைநிறுத்தப் பிரிந்துபோன ஓர் அரசு. எழுப்பியவர்கள் அந்த அரசு யாருடைய விடுதலையை மறுத்ததோ அந்த மக்கள். அவர்களில் மூவர் வேலைத்தளத்திலிருந்து படகேறியபோது விடுதலையின் சட்டப்பாதை திறந்தது. இதைச் சொல்லாமல் அரணின் வரலாறு முடியாது.

பெயர்கள் இருக்கின்றன. காப்பகத்தில் பட்டியல் பட்டியலாக, வேலை பார்த்த நாள் கணக்கோடு இருக்கின்றன. எந்த மாவட்டத்து ஆள்கள் எந்த அரணுக்கு அனுப்பப்பட்டார்கள் என்பதைப் பல இடங்களில் அவற்றிலிருந்து தேடி எடுக்க முடியும். ஆய்வாளர்களும், அந்த மாவட்டங்களில் வாழும் சந்ததியினரும், மாநில வரலாற்றுத் துறையும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது. ஒவ்வோர் அரண் வரிசையின் பலகைக்குப் பக்கத்திலும் அதை வெட்டியவர்களின் பெயர் தாங்கிய இன்னொரு பலகை எழ வேண்டும். கிடைத்த பெயர் ஒற்றைச் சொல்லாக இருந்தாலும் அப்படியே பொறிக்க வேண்டும். அவர்களுக்கு அன்று மறுக்கப்பட்ட கையெழுத்தை இன்று நாம் போட முடியாது. பெயரைப் போட முடியும்.